கோரூட்டீனும் வாய்க்கால் தண்ணியும்

நம்ம காலேஜ் கேம் ப்ராஜெக்ட்ல பாதிப் பேரோட கோடைத் திறந்தா, அப்டேட் ஃபங்ஷனுக்குள்ள நாலஞ்சு டைமர் வேரியபிள் கிடக்கும். 2 செகண்டுக்கு ஒரு எதிரி வரணும், 5 செகண்டுக்கு ஒரு காயின் விழணும்; ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நேரத்தைக் கூட்டிட்டு இருப்போம். யூனிட்டியில் இதுக்குக் கோரூட்டீன்தான் சரியான வழி என்பது என் கருத்து. 'எதிரியை அனுப்பு, 2 செகண்ட் பொறு, திரும்ப அனுப்பு' என்று மனசுல நினைக்கிற வரிசையிலேயே எழுதிடலாம்.

ஆனா இது த்ரெட் இல்லைங்க. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்துல மண்டலம் பிரிச்சு, முறை வெச்சுத் தண்ணி விடுற மாதிரி. வாய்க்கால் ஒண்ணுதான், தன் வேலை முடிஞ்சதும் கோரூட்டீன் ஈல்டு போட்டு அடுத்தவனுக்கு விடணும். ஈல்டு இல்லாம முடிவில்லா லூப் ஓட்டினா, கடைமடை காய்ஞ்ச மாதிரி மொத்த கேமும் உறைஞ்சிடும்.

தொடங்கத் தெரிஞ்சா போதாது, நிறுத்தவும் தெரியணும். எங்க டெமோவில் ரீஸ்டார்ட் அமுக்கினதும் எதிரிகள் இரட்டிப்பாச்சு. மறுபடி அமுக்கினா மும்மடங்கு. பழைய கோரூட்டீனை நிறுத்தாமலே புதுசைத் தொடங்கியிருந்தோம். பாஸ் மெனுவுக்காக டைம்ஸ்கேலை 0 ஆக்கினா வெயிட்ஃபார்செகண்ட்ஸும் அப்படியே நின்னுடும். காத்திருப்பு ஃப்ரேம் கணக்கில் முடியுறதால் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தாமதம் சேரும். தாளத்துக்கு ஓடுற ம்யூசிக் கேமுக்கு இது ஆகாது.

கோரூட்டீன் போடுங்க. போடும்போதே அதை எங்கே நிறுத்தப் போறீங்கன்னும் எழுதி வைங்க.