எட்டே கால் கோடிக்கு மேல... ஒரே ஒரு மேட்ச்!

ஐபிஎல் ஏலம் வந்தாலே ஹாஸ்டலில் ஆளாளுக்கு நிபுணர் ஆகிடறாங்க. நம்ம நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீனைக் கண்ணால பார்த்துத்தான் ஏலம் கேட்பாங்க, செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஆளும் உண்டு :-) கிரிக்கெட் ஏலத்தில் வாங்குறது அடுத்த வருஷத்து மீனை!

வருண் சக்கரவர்த்தியையே எடுத்துக்கோங்க. 2018 டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் கொடுத்தது 8.4 கோடி. முதல் ஓவரிலேயே 25 ரன் போச்சு, காயமும் சேர, ஒரே மேட்சோடு சரி. கழட்டி விட்டாங்க. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது, 2020-ல் 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூணே ஆட்டத்தில் 9 விக்கெட்.

நடராஜனும் அப்படித்தான். 2017-ல் 3 கோடி, 2 விக்கெட். அப்புறம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கி, ரெண்டு சீசன் ஒரு மேட்ச்கூட தராட்டியும் ஆளை விடலை. 2020-ல் 16 விக்கெட், அடுத்து ஆஸ்திரேலியா.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே குழப்பம்தான். ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்ச டாம் பிரேடியை 2000-ல் 199-வது ஆளாத்தான் எடுத்தாங்க. ஆனா அங்கே முதல் சுற்றில் எடுக்கிற பையனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம் உண்டு. இங்கேயும் புதுப் பையனைக் கோடியில் வாங்கினா ரெண்டு சீசனாவது வச்சிருக்கணும்னு விதி வரணும். "அப்படின்னா கோடி கொடுக்க மாட்டாங்களே" என்பீங்க. கொடுக்க வேண்டாமே! விலையை ஏத்தினது அந்தப் பையனா?

2025 சீசனுக்கு நடராஜனை டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. ஆட விட்டது ரெண்டே மேட்ச்.