எண்ணாத சாவுக்கு யார் பொறுப்பு?

தோழர்களே, 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்ட 444 கொரோனா சாவுகளை அரசு ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது. தலைநகரத்திலேயே இந்த நிலை என்றால், சோதனையே இல்லாமல் சேரியிலும் ஜவ்வாது மலையிலும் வீட்டோடு செத்தவர்கள் எந்தக் கணக்கில்?

எண்ண முடியாது என்பது பொய். கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் சிஎம்சி-யின் ஊழியர்கள் வீடுவீடாகப் போய்ச் சாவுகளைப் பதிந்தார்கள். குடும்பத்தாரிடம் விசாரித்துக் காரணம் அறிந்தார்கள். 1994-99இல் அங்கே தற்கொலை தேசியச் சராசரியைவிடப் பல மடங்கு என்பது அப்படித்தான் வெளிவந்தது.

அரசின் தினசரி அறிக்கையில் மாவட்டம் இருந்தது, வயது இருந்தது, சாதி இல்லை. எண்ணாமல் விட்டுவிட்டு நம்மிடம் ஆதாரம் கேட்கிறார்கள். நாம் கேட்கிறோம்: வீடுவீடாக வந்து எண்ணு, சாதியோடு எண்ணு!