வைத்தியர்களின் கடனும் கிராமத்து நோயாளியும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், அரசாங்க வைத்தியசாலைகளில் இருந்து வைத்தியர்கள் வெளியேறுவது குறித்துத் தொடர்ச்சியாகப் பேசப்பட்டு வருகின்றது. போதாத சம்பளம், வரிச்சுமை, பிள்ளைகளின் எதிர்காலம் என்பன காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. உழைக்கும் பணத்தைக் கையாளும் அறிவுக்கு மருத்துவக் கல்வியில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே அது.

ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, இடையிலான காத்திருப்பு ஆகியவற்றைக் கடந்து நிரந்தர நியமனம் பெறும்போது ஒரு வைத்தியர் முப்பது வயதை நெருங்கிவிடுகின்றார். அதுவரை பொறுத்திருந்த குடும்பத்தின் எதிர்பார்ப்புகள் அப்போது ஒருங்கே முன்வந்து நிற்கின்றன. சகோதரியின் சீதனம், வீடு, வாகனம் என அவை நீள்கின்றன. வைத்தியர் என்ற பெயருக்கே வங்கிகள் கடன் வழங்க முன்வருவதால், சேமிப்புக்கு முன்னரே கடன் ஆரம்பமாகிவிடுகின்றது.

இதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கியின் கடன் வழங்கல் வீதம் 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 20 ஆண்டுகளில் செலுத்தும் ஒரு கோடி ரூபா வீட்டுக் கடனுக்கு 10 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 96,500 ரூபா. வட்டி 20 சதவீதமானால் அது சுமார் 170,000 ரூபாவாகும். மாறும் வட்டி என்ற நிபந்தனையைக் கவனியாது கையெழுத்திட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் அப்போதுதான் புரிந்தது.

வரி விடயமும் அத்தகையதே. 2023 ஜனவரி முதல் தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம் 36 சதவீதமாகும். தனியார் வைத்தியசாலைகள் மாதாந்தம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கட்டணத்தில் 5 சதவீதத்தைப் பிடித்து வைக்கின்றன. அதுவே இறுதி வரியென நம்புவோர், அது முற்பணம் மாத்திரமே என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதம் கண்டே அறிகின்றனர்.

உயர்ந்த இலாபம் என்ற ஆசைவார்த்தையும் படித்தவர்களை விட்டுவைப்பதில்லை. அனுமதியின்றி வைப்புகளைத் திரட்டிய கோல்டன் கீ நிறுவனம் 2008 இறுதியில் சரிந்தமை மறக்கத்தக்கதன்று. அனுமதி பெற்ற வங்கிகளிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவுக்கே உண்டு. வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் வைத்தியர்களுக்கு, 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கிமுறைக்கு வழிதிறந்தது. எனினும் முளாரபாவில் நட்டமும் முதலீட்டாளரைச் சாரும். ஹலால் என்ற பெயர் மாத்திரம் முதலுக்குப் பாதுகாப்பு ஆகாது. பணத்தைத் திரட்டுபவர் மத்திய வங்கியின் அனுமதி பெற்றவரா என்ற கேள்வி அங்கும் அவசியமானது.

இது வைத்தியர்களின் சொந்த விவகாரம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. தவணைக்காக ஓய்வின்றித் தனியார் சேவைக்கு ஓடும் வைத்தியரின் களைப்பு மறுநாள் அரசாங்க வைத்தியசாலை விடுதியில் வெளிப்படும். கடன் முற்றினால் வெளிநாடே வழியெனத் தோன்றும். அவர் சென்றபின் வசதியுள்ளவர் தனியார் வைத்தியசாலையை நாடுவார். முல்லைத்தீவிலோ பொத்துவிலிலோ உள்ள ஏழை நோயாளிக்கு அந்த மாற்றுவழி இல்லை.

எனவே உள்ளகப் பயிற்சியின் ஆரம்பத்திலேயே கடன், வரி, காப்புறுதி, ஓய்வூதியம் குறித்துச் சில மணித்தியாலங்களேனும் கற்பிக்கப்பட வேண்டும். மருத்துவ பீடங்களும் தொழிற்சங்கங்களும் மத்திய வங்கியும் இணைந்தால் இதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. கற்பிப்பவர் கடன் விற்க வந்தவராக இருத்தலாகாது என்பது முக்கியமானது.

அதேவேளை, நியாயமான சம்பளம் வழங்கும் பொறுப்பில் இருந்து அரசாங்கம் நழுவ இது சாட்டாகிவிடக் கூடாது. சிக்கனம் கற்பித்துப் போதாத சம்பளத்தைப் போதுமானதாக்க முடியாது. ஆனால் சம்பளம் உயர்ந்தாலும், அதனை ஆளத் தெரியாதவரிடம் அது கடனாகவே கரையும். இவ்விரண்டும் ஒருங்கே கவனிக்கப்பட்டாலன்றி வெளியேற்றம் குறையப்போவதில்லை.