எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு – இது சரியா?



போன மாசத்துல இருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க கம்ப்யூட்டர் லேபுக்கு வரக்கூடாதுன்னு ஆயிடுச்சு. காரணம் எல்லாருக்கும் தெரியும். சர்வர்ல இருக்கிற பொதுக் கோப்புறையில எட்டாம் வகுப்பு சேர்த்து வெச்சிருந்த சாமை வகைகளின் பெயர்ப் பட்டியல் காணாமப் போச்சு. ஊர் ஊரா நடந்து பாட்டிமார்கிட்ட கேட்டு எழுதின பட்டியல் அது. அன்னைக்கு கடைசியா லேப்ல இருந்தது ஒன்பதாம் வகுப்பு. அதனால பழி அவங்க மேல!

நான் கேட்கிறது இதுதான்: அழிச்சது யாருன்னு எப்படித் தெரியும்? நாம எல்லாரும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே பெயர்லதான் உள்ளே நுழையறோம். பாஸ்வேர்டும் ஒண்ணே. சர்வர் கண்ணுக்கு நாம அத்தனை பேரும் ஒரே ஆள். எழுதினதும் அந்த ஆள்தான், அழிச்சதும் அந்த ஆள்தான். இதுல ஒரு வகுப்பை மட்டும் வெளியே நிறுத்துறது நியாயமா?

இதுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. பிளஸ் ஒன் புத்தகத்துல உபுண்டு பத்திப் படிக்கிறோமே, அந்த லினக்ஸ்ல குழுக்களோட பட்டியல் 'குரூப்' என்ற ஒரு சின்னக் கோப்புல இருக்கும். ஒரு வரிக்கு ஒரு குழு. குழுவின் பெயர், அதுக்கு ஒரு எண், உறுப்பினர் பெயர்கள் எல்லாம் அதுல இருக்கும். எட்டாம் வகுப்புக்கு ஒரு குழு வெச்சு, அவங்க கோப்புறையில அந்தக் குழு மட்டும் எழுதலாம், மத்தவங்க படிக்கலாம்னு உரிமை கொடுத்துட்டா முடிஞ்சது. லினக்ஸ்ல ஒரு கோப்பை அழிக்க, அது இருக்கிற கோப்புறையில எழுதும் உரிமை வேணும். அதனால வெளி ஆள் அழிக்க முடியாது. ஒரே வகுப்புக்குள்ள ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் அழிக்காம இருக்க 'ஸ்டிக்கி பிட்'னு தனி ஏற்பாடு உண்டு. லேப்ல விண்டோஸ் கணினிகள் இருந்தாலும் கவலை இல்லை. 1992-ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கின 'சாம்பா' மென்பொருள் ரெண்டையும் இணைச்சிடும். காசும் கிடையாது.

உரிமையைப் பிரிச்சா பூட்டி வைக்கிற மாதிரி ஆயிடும்னு சிலர் சொல்றாங்க. நம்ம மலையிலயே காவலூரைப் பாருங்க. 1986-ல திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியில ஆராய்ச்சி செய்ய, விண்ணப்பிச்சவங்களுக்கு இத்தனை இரவுன்னு ஒதுக்குறாங்க. அதுக்காக வானாய்வகத்தைப் பார்க்க வர்ற நம்மள மாதிரி ஆளுங்களைத் திருப்பியா அனுப்புறாங்க?

இன்னொரு கேள்வி நியாயமானது. இத்தனை பேரை ஒவ்வொருத்தரா குழுவில் சேர்க்க ஆசிரியருக்கு நேரம் ஏது? இதுக்குத்தான் செயற்கூறு. பிளஸ் டூவுல பைத்தான் படிக்கிறோம். வகுப்பையும் மாணவர் பெயரையும் வாங்கிக்கிட்டு சர்வரின் கட்டளையைக் கூப்பிடுற செயற்கூறு பத்து வரிதான் வரும். வட்டத்தின் பரப்பளவையே எத்தனை நாள் கண்டுபிடிக்கிறது!

ஆனா இதுல கவனம் வேணும். 'சேர்' என்பது வேற, 'பட்டியலையே மாத்து' என்பது வேற. லினக்ஸ்ல 'யூசர்மாட்' கட்டளைக்குப் பெரிய 'ஜி' மட்டும் கொடுத்தா, அந்த மாணவர் ஏற்கெனவே இருந்த மத்த குழுக்கள்ல இருந்து சத்தமில்லாம வெளியே போயிடுவார். கூடவே சின்ன 'ஏ' போட்டாத்தான் பழசும் நிக்கும், புதுசும் சேரும். விண்டோஸிலும் அப்படித்தான். 'ஆட் மெம்பர்ஸ்' செயற்கூறு ஆளைச் சேர்க்கும். 'செட் மெம்பர்ஸ்' நாம கொடுத்த பட்டியல்ல இல்லாதவங்களை நீக்கிடும். என் கருத்து, ஜூன் மாசம் வகுப்பு மாறும்போது மட்டும் முழுப் பட்டியலையும் மாத்தணும். நடுவுல புதுசா வர்றவங்களுக்கு 'சேர்' மட்டும் போதும். சேர்த்ததும் அவங்க ஒருமுறை வெளியேறி மறுபடி நுழையணும், அப்பத்தான் உரிமை கிடைக்கும். நீக்கினாலும் அதே கதைதான்.

சர்வரின் தலைமை பாஸ்வேர்டு ஆசிரியர்கிட்டயே இருக்கட்டும். செயற்கூறை நாங்க எழுதித் தர்றோம், அவர் படிச்சுப் பார்த்து ஓட்டட்டும். பெயர்களைத் தட்டச்சு செய்ய பிளஸ் டூவுல நாங்க மூணு பேர் தயார். வருகைப் பதிவேடு கொடுத்தா ஒன்பதாம் வகுப்புப் பட்டியலை முதல்ல முடிச்சிடுவோம்.

– பிளஸ் டூ மாணவி