ரூபெல்லா: விடுபட்ட தலைமுறை

2017 பிப்ரவரியில், ராஜபாளையத்தில் என் மகள் படித்த பள்ளியிலிருந்து தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் குறித்த சுற்றறிக்கை வந்தது. அன்று மாலைக்குள், 'குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்' என்று எச்சரிக்கும் வாட்ஸ்ஆப் செய்திகள் மூன்று வந்துவிட்டன. தயங்கித்தான் மகளை அனுப்பினேன். வகுப்பில் பலர் அன்று வரவில்லை என்று மாலையில் அவள் சொன்னாள்.

தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உள்பட்ட ஏறத்தாழ 1.76 கோடி குழந்தைகளை இலக்காகக் கொண்ட அந்த முகாம், வதந்திகளால் தடுமாறி மார்ச் மாதத்திலும் நீட்டிக்கப்பட்டது. 'சாதாரண அம்மைக்கு ஊசி எதற்கு?' என்பதே அப்போது பெற்றோர் பலரின் கேள்வி.

குழந்தைக்கு ரூபெல்லா சாதாரண நோய்தான். லேசான காய்ச்சலும் சிவந்த தடிப்புகளும் சில நாள்களில் மறைந்துவிடும். ஆபத்து இருப்பது கருவில் வளரும் சிசுவுக்கு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயைத் தொற்றினால், குழந்தை கண்புரை, காதுகேளாமை, இதயக் குறைபாடு ஆகியவற்றோடு பிறக்கக்கூடும். 1941-இல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக் இத்தொடர்பை முதலில் கண்டறிந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் நடந்த ஆய்வில், ஒரு வயதுக்கு உள்பட்ட கண்புரைக் குழந்தைகளில் ஏறத்தாழ கால் பங்கினருக்கு ரூபெல்லாவே காரணம் எனத் தெரிந்தது.

நெரிசல் மிகுந்த பெருநகரில் இந்தக் கிருமி ஓயாமல் சுற்றிவருவதால், பெரும்பாலோர் சிறுவயதிலேயே தொற்றுக்கு உள்ளாகி வாழ்நாள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகின்றனர். சிறு கிராமங்களில் தொற்றுச் சங்கிலி அவ்வப்போது அறுந்துபோகிறது. அதனால் எதிர்ப்பாற்றல் இல்லாமலேயே சில பெண்கள் வளர்ந்து தாயாகின்றனர். சுற்றுக் கிராமங்களிலிருந்து ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு வேலைக்கு வரும் இளம்பெண்கள் இந்த இரு உலகங்களுக்கும் நடுவே நிற்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் நகரமும் கிராமமும் ஒரே வீதியில் தோளோடு தோள் உரசுகின்றன.

அரைகுறைத் தடுப்பூசி இந்த ஆபத்தை அதிகமாக்கவும் கூடும். கிரீஸ் நாட்டில் 1970-களின் நடுவில் ரூபெல்லா தடுப்பூசி அறிமுகமானாலும், போதிய அளவு குழந்தைகளை அது எட்டவில்லை. சிறுவர்களிடையே நோய் குறைந்தது. தொற்றாமலும் ஊசி போடாமலும் வளர்ந்த பெண்கள் பெருகினர். 1993-இல் நோய் பரவியபோது 25 குழந்தைகள் பிறவி ரூபெல்லா பாதிப்புடன் பிறந்தன. மாறாக, இலங்கை தடுப்பூசியை விடாமல் பரவலாகச் செலுத்தி, 2020-இல் ரூபெல்லாவை ஒழித்த நாடாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது.

நாம் எந்த வழியில் செல்கிறோம்? 2017-க்குப் பிறகு 9 மாதத்திலும் 16 மாதத்திலும் இரு தவணைகள் வழக்கமான அட்டவணையில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், அந்த முகாமின் வயது வரம்பைக் கணக்கிட்டால், 2002-க்கு முன் பிறந்த பெண்கள் அதில் இடம்பெறவில்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு இளமையில் வந்துபோன தொற்றே பாதுகாப்பு. அதுவும் வாய்க்காதவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும், தாயாகும் வயதில் இருக்கின்றனர். வதந்திக்கு அஞ்சி அன்று வீட்டிலேயே இருந்துவிட்ட சிறுமிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டிருக்கின்றனர்.

தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026-க்குள் ஒழிப்பது நாட்டின் இலக்கு. இரு தவணைகளும் 95 சதவீதக் குழந்தைகளை எட்டினால்தான் அது கைகூடும். ஆலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளும் அக்கணக்கில் சேர வேண்டும். கூடவே, ஆலை விடுதிகளிலும் செவிலியர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் திருமணத்துக்கு முன்பே பெண்களுக்கு இந்த ஊசியைச் செலுத்த அரசு முன்வர வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது போடப்படுவதில்லை. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆகவே, கரு உருவான பிறகு விழித்துக்கொள்வதில் பயனில்லை.

அன்று என் தயக்கம் மகளின் உடல்நலம் பற்றியது மட்டுமே. அந்த ஊசி என்றோ பிறக்கப்போகும் பேரக்குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் காவல் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று அதைச் சொல்ல வேண்டிய கடமை நம் எல்லோருக்கும் இருக்கிறது.