வாளியில் பீர், கலயத்தில் சுண்ணாம்பு

வைகாசியில அண்ணன் மகன் டல்லாஸ்ல இருந்து லீவுக்கு வந்திருந்தான். வந்த மறுநாளே, "சித்தப்பா, நான் வீட்டுலயே பீர் போடுதேன், தெரியுமா?"ன்னு போனை நீட்டினான். சமையல்கட்டு மூலையில ஒரு வெள்ளை வாளி, மூடியில சின்னதா ஒரு குழாய், அதுல தண்ணி குமிழ் விட்டுக்கிட்டு இருக்கு.

கேட்டா ரொம்ப லேசாச் சொல்லுதான். முளைகட்டின பார்லியோட சாறு பாகு மாதிரி டப்பாவுல விக்குமாம். அதைத் தண்ணியில கரைச்சு, கசப்புக்கு ஹாப்ஸ்ங்கற பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். சட்டுனு ஆற வச்சு ஈஸ்ட்டைத் தூவி மூடிட்டா ரெண்டு வாரத்துல புளிச்சிரும். அப்புறம் பாட்டில்ல கொஞ்சம் சீனி சேர்த்து அடைச்சா கேஸ் ஏறும். பாதி வேலை பாத்திரம் கழுவறதுதானாம். அழுக்கு பட்டா மொத்தமும் கெட்டுப்போகும். முதல் தடவை சீனி கூடிப்போய் ரெண்டு பாட்டில் வெடிச்சிருக்கு. மருமக ஒரு மாசம் கிச்சன் பக்கமே விடலையாம்.

"போலீஸ் பிடிக்காதாடே?"ன்னேன். சிரிச்சான். அமெரிக்காவுல 1979-ல இருந்து இதுக்கு மத்திய வரி கிடையாது. வயசு வந்தவங்க ரெண்டு பேர் இருக்குற வீட்டுல வருஷத்துக்கு 200 காலன், நம்ம கணக்குல 750 லிட்டருக்கு மேல, சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கலாம். விக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அப்புறம்தான் கேட்டான்: "ஒரு செம்பு கள்ளு கிடைக்குமா சித்தப்பா?"

டவுன்ல இருக்குற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பதநீரும் கள்ளும் ஒரே பாளையில இருந்து ஒரே மாதிரிதான் சொட்டுது. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா பதநீர், தடவலைன்னா கள். ஈஸ்ட் வாங்க வேண்டாம், அது காத்துலயும் கலயத்துலயுமே இருக்கு. ராத்திரி சொட்டினது விடியும்போதே நுரைச்சு நிக்கும். பீர் அளவு போதைதான், நாலஞ்சு சதவீதம். ரெண்டு நாள் வச்சா காடி. அந்தக் காலத்துல எங்க ஆச்சி ஆப்ப மாவுல ஊத்துனதும் இதைத்தான்.

ஆனா 1987-ல இருந்து தமிழ்நாட்டுல கள் இறக்கக் கூடாது. 42.8 சதவீத பிராந்தியை அரசே கடை வச்சு விக்குது. என் வரப்புல நிக்குற பனையில சுண்ணாம்பு தடவாம ஒரு கலயம் கட்டினா நான் குற்றவாளி.

தடை வந்ததுல ஒரு நியாயமும் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். கடைக் கள்ளுல மயக்க மாத்திரையும் குளோரல் ஹைட்ரேட்டும் கலந்தது நெசம். கடையை மூடுன அன்னிக்கு நிம்மதியாத் தூங்குன பொம்பளைகள்ல எங்க அம்மாவும் ஒருத்தி. ஆனா கலப்படம் எங்க இருந்து வந்துச்சு? நூறு மரத்துக் கள்ளை ஆயிரம் மரத்துக் கள்ளா விக்கணும்னு நினைச்ச கடை ஏலத்துல இருந்து வந்துச்சு. தன் வீட்டுக்கு இறக்குறவன் தன் கலயத்துல மாத்திரை போடுவானா?

அதனால கள்ளுக்கடையைத் திறங்கன்னு நான் கேக்கலை. அதைக் கேக்க வேற ஆட்கள் இருக்காங்க. என் கோரிக்கை சின்னது. சொந்த மரம், சொந்த உபயோகம், இத்தனை லிட்டர்னு ஒரு அளவு, விக்கக் கூடாது. டல்லாஸ் வாளிக்கு இருக்குற அதே சட்டத்தை இங்க கலயத்துக்கும் எழுதுங்க.

எங்க வரப்புல நாப்பது பனை நிக்குது. ஏறுறது ஒரே ஒரு அண்ணாச்சி, அறுபது தாண்டிட்டாரு. காலையும் சாயங்காலமும் பன்னெண்டு மரம் ஏறி இறங்கிப் பாளை சீவுதாரு. அவர் மகன் ஏற வரலை. ஏன் வரலைன்னு நானும் கேக்கலை. கருப்பட்டி விக்குற விலை எனக்கும் தெரியும்தானே. செங்கச் சூளைக்காரன் மட்டும் வருஷா வருஷம் வந்து மரத்துக்கு விலை கேட்டுட்டுப் போறான்.

மறுநாள் காலையில பையனை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அண்ணாச்சி ஓலைப்பட்டையில பதநீர் ஊத்திக் குடுத்தாரு. ரெண்டு மடக்கு குடிச்சவன், "சுண்ணாம்பு வாடை அடிக்குதே"ன்னான்.

"அது சர்க்கார் வாடை தம்பி"ன்னுட்டு அடுத்த மரத்துக்கு ஏறப் போயிட்டாரு அண்ணாச்சி.