சாக மறந்த ஜீவாணு

நம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் ஒருத்தியின் தாயார் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். "நோய் நொடியில்லாத குழந்தைக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி என்னத்திற்கு, ஸார்? வந்தால் பார்த்துக்கொள்ளலாமே!" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால், 'வந்தால்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் ஆபத்து அடங்கியிருக்கிறது.

கூரை வீடுகள் நெருங்கிய தெருவில் தீப்பிடித்தால் என்ன செய்கிறோம்? கூக்குரலிட்டு ஊரை எழுப்புகிறோம். எரியும் கூரையை நாமே பிடுங்கித் தள்ளுகிறோம். ஒரு வீடு போனாலும் தெரு பிழைக்கும் அல்லவா? நம் சரீரத்திலுள்ள ஜீவாணுக்களுக்கும் இதுவே தர்மம். வைரஸுக்குத் தானாகப் பெருகும் சக்தி கிடையாது. ஜீவாணுவினுள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே குலத்தை விருத்தி செய்துகொள்ளும். அது புகுந்தது தெரிந்ததும் ஜீவாணு அண்டை அயலுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. 1957-ல் லண்டனில் ஐஸக்ஸ், லிண்டன்மன் என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்த 'இன்டர்பெரான்' என்னும் வஸ்து அந்தக் கூக்குரலே. அதுவும் போதாவிடில், ஜீவாணு தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறது. இவ்வித ஒழுங்கான மரணத்துக்கு 1972-ல் 'அபாப்டோஸிஸ்' என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

வைரஸ் இதற்கெல்லாம் சளைத்ததன்று. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸைப் பாருங்கள். செத்த வீட்டில் அதற்குப் பிழைப்பு ஏது? ஆகவே, முதலில் கூக்குரலை அடக்குகிறது. பிறகு ஈ-7 என்ற தன் புரதத்தைக் கொண்டு, ஜீவாணு கண்டபடி பெருகாமல் தடுக்கும் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது. இந்த அலங்கோலத்தைக் கண்டதும், 'இனி நீ இருக்கலாகாது' என்று ஜீவாணுவுக்கு ஆக்ஞை பிறப்பிக்கும் காவலன் ஒருவன் உண்டு. பி-53 என்பது அவன் பெயர். வைரஸின் ஈ-6 என்ற புரதமோ, ஜீவாணுவின் குப்பை கூட்டும் வேலைக்காரனையே ஏவி, அந்தக் காவலனைக் குப்பையோடு குப்பையாக அழிக்கச் செய்கிறது!

பெரும்பாலோரிடம் சரீரம் ஓரிரு வருஷங்களில் விழித்துக்கொண்டு இந்த வைரஸை விரட்டிவிடுகிறது. சிலரிடம் அது தங்கிவிடுகிறது. சாக வேண்டிய ஜீவாணு சாக மறந்து பெருகுகிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, சாதாரணமாக 15, 20 வருஷங்கள் கழித்துப் புற்றாக வெளிப்படுகிறது. இவ்வைரஸின் 16, 18-ம் வகைகளை 1983, 1984-ம் வருஷங்களில் புற்றிலே கண்டறிந்து கூறிய ஜெர்மானியர் ஹரால்ட் ட்ஸூர் ஹௌஸன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். 2022-ல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 3,50,000 ஸ்திரீகள் இந்நோய்க்குப் பலியானார்கள்.

வந்ததே தெரியாமல் வரும் பகைவனை, வந்த பிறகு பார்த்துக்கொள்வது எப்படி? 2006 முதல் வழக்கத்திலுள்ள தடுப்பூசி, உள்ளே குடிபுகுந்த வைரஸை வெளியேற்றாது. வாசலிலேயே மறித்து நிறுத்தும். அதனால்தான் 9 முதல் 14 வயது வரையுள்ள பெண்களுக்கு முதலில் போடவேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 30 வயதைத் தாண்டிய தாய்மார்கள் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம்.

அந்த அம்மாளிடம் இவ்வளவும் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "குழந்தைக்கு ஊசி, எனக்குப் பரிசோதனை, அப்படித்தானே?" என்றார்.

"அப்படியேதான், அம்மா" என்றோம்.